இலவசப் பயிற்சிக்குப் பணம் கொடுப்பது யார்? வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) விண்ணப்பம், வேலைவாய்ப்புப் பதிவு, பயிற்சி முகாம் என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்னால் முடிந்த உதவியைச் செய்து வருகிறேன். காட்பாடியில் கேட்கும் கேள்வியையே குடியாத்தத்திலும் கேட்கிறார்கள், ஆற்காட்டிலும் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். ஒரு பயிற்சிக்கு யார் பணம் கொடுக்கிறார், எப்போது கொடுக்கிறார் என்று தெரிந்தால் உங்கள் சந்தேகங்களில் பாதி தானாகவே தீரும். அந்தக் கணக்கைப் படிக்கிற பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் ஆதங்கம்.

சார், வேலைவாய்ப்பு ஆபீஸ், ஐடிஐ, நான் முதல்வன், மகளிர் திட்டம்... இதெல்லாம் ஒண்ணா, வேற வேறயா?

வேறு வேறு. வேலைவாய்ப்பு அலுவலகமும் அரசு ஐடிஐயும் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையைச் சேர்ந்தவை. அந்தத் துறைக்கு மேலே இருப்பது தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை. ‘நான் முதல்வன்’ 2022 மார்ச் 1-ஆம் தேதி தொடங்கிய திட்டம். அதை நடத்துவது தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம். அது அரசுக்குச் சொந்தமான, லாப நோக்கம் இல்லாத ஒரு கம்பெனி. மகளிர் திட்டம் என்று நாம் சொல்வது 1983-ல் தொடங்கிய தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் மாவட்ட அலுவலகம். கிராமத்து இளைஞர்களுக்கான பயிற்சி அதன் வழியாக வருகிறது. இவை போக, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குத் தாட்கோ (அவர்களுக்கான அரசு மேம்பாட்டுக் கழகம்) தனியாகப் பயிற்சி நடத்துகிறது.

இத்தனை கதவுகள் இருப்பதால்தான் குழப்பம். எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: “இது எந்தத் திட்டம்?” திட்டத்தின் பெயர் தெரிந்தால் வயது வரம்பு, உதவித்தொகை, சான்றிதழ் மூன்றும் தெரிந்துவிடும்.

வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பதிஞ்சு பத்து வருஷம் ஆகுது, ஒரு கார்டு கூட வரல. இனிமே அதைப் புதுப்பிச்சு என்ன பிரயோஜனம்?

புதுப்பியுங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, இணையத்திலேயே செய்துவிடலாம். விட்டால் இத்தனை வருட சீனியாரிட்டி போய்விடும். முன்போலப் பதிவு மூப்பை மட்டும் வைத்து அரசு வேலை கொடுப்பது மிகவும் சுருங்கிவிட்டது, உண்மைதான். 1996-ல் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நிற்காமல் பத்திரிகை விளம்பரமும் கொடுத்து எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்று சொன்ன பிறகு நிலைமை மாறிவிட்டது.

ஆனால் பதிவு வேறு சில இடங்களில் உதவும். பதிந்து ஐந்து ஆண்டு முடிந்தும் வேலை கிடைக்காதவர்களுக்கு மாநில அரசு உதவித்தொகை தருகிறது. பத்தாம் வகுப்பு தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று ஆண்டுகள் வரை கிடைக்கும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வயது 40-க்குள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45-க்குள். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகையும் கூடுதல், காலமும் பத்து ஆண்டு வரை. இந்தத் தொகை இன்றைய விலைவாசியில் பஸ் செலவுக்குக்கூடக் காணாது. அதை உயர்த்தியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. இருந்தாலும் வர வேண்டியதை விட வேண்டாம்.

இன்னொன்று. அந்த அலுவலகத்தின் பெயர் இப்போது மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். போட்டித் தேர்வுக்கான தன்னார்வ பயிலும் வட்டம் அங்கே நடக்கிறது. தனியார் வேலைவாய்ப்பு முகாமையும் அவர்கள்தான் நடத்துகிறார்கள். இவை எல்லாமே இலவசம். பதிவோடு திரும்பி வந்துவிடுகிறவர்கள் அந்த மையத்தின் பாதிப் பயனை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

இந்த ஆபீஸ் எதுக்காக ஆரம்பிச்சாங்க? மத்திய அரசுதா, மாநிலத்துதா?

1945-ல் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித் தர அமைத்தது. வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய கம்மவான்பேட்டை போன்ற ஊர்கள் இருக்கும் நம் வடாற்காட்டுக்கு இது நெருக்கமான சேதி. 1956 நவம்பர் 1-ல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களுக்கு வந்தது. 1969 ஏப்ரல் 1 முதல் செலவு முழுவதும் மாநிலத்தின் தலையில். ஆக, இன்று வேலூரில் அந்த அலுவலகத்தின் மின்கட்டணம் முதல் ஊழியர் சம்பளம் வரை தமிழ்நாட்டு அரசின் பணம்.

நான் ஆற்காடு. எங்க அப்பா பதிஞ்சது வேலூர்ல. இப்ப நான் எங்க போறது?

ராணிப்பேட்டைக்கு. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்து, நவம்பர் 28 அன்று பழைய வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், நெமிலி, சோளிங்கர் பக்கம் ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி பக்கம் திருப்பத்தூர். காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு, கே.வி.குப்பம் வேலூரிலேயே இருக்கின்றன. முகவரி ஆதாரில் எந்த மாவட்டம் என்று இருக்கிறது பாருங்கள். பழைய ஆதாரில் இன்னும் ‘வேலூர் மாவட்டம்’ என்று இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். விண்ணப்பத்தில் ஒரு மாவட்டம், ஆதாரில் இன்னொரு மாவட்டம் என்று இருந்தால் உதவித்தொகை வருவதில் தடங்கல் வரும்.

பயிற்சிக்கு மட்டும் மாவட்ட எல்லை பெரிய தடை கிடையாது. ஆம்பூர்ப் பையன் வேலூர் ஐடிஐயில் சேரலாம்.

இலவசப் பயிற்சின்னு போஸ்டர் ஒட்டுறாங்க. இலவசம்னா யார் வீட்டுக் காசு?

உங்கள் காசுதான், வரியாகப் போனது. அது பல வழியாகத் திரும்பி வருகிறது. ஒன்று, மாநில அரசு தன் பட்ஜெட்டில் நேராக ஒதுக்குவது. நான் முதல்வன், அரசு ஐடிஐ நடத்தும் செலவு எல்லாம் இதில் வரும். இன்னொன்று, மத்திய அரசும் மாநில அரசும் பங்கு போட்டுக் கொடுப்பது. 2014 செப்டம்பர் 25-ல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்டம் இந்த வகை: 100 ரூபாயில் 60 மத்திய அரசு, 40 தமிழ்நாடு.

மூன்றாவது, செஸ் என்னும் தனி வரி. கட்டடம் கட்டுகிறவர் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல வாரியத்துக்குக் கட்ட வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நலனுக்கு இருக்கும் பணம் அது. நான்காவது, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 கம்பெனிகள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். தொழிற்பயிற்சியும் அந்தப் பட்டியலில் உண்டு.

பணம் எந்த வழியில் வந்தாலும் உங்களிடம் கட்டணம் கேட்கக் காரணம் இல்லை.

அப்படின்னா எங்க சென்டர்ல ஏன் “மூவாயிரம் டெபாசிட் கட்டு, அப்புறம் திருப்பித் தர்றோம்”னு கேக்குறாங்க?

கட்டாதீர்கள். அரசு முழுச் செலவையும் ஏற்கும் பயிற்சி என்றால் சேர்க்கைக் கட்டணம், சீருடைக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று எந்தப் பெயரிலும் பணம் வாங்கக் கூடாது. கேட்டால், ரசீதில் திட்டத்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு முடிந்துவிடும். எழுதித் தந்தால் அந்த ரசீதை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்வு நாளுக்குப் போங்கள்.

அசல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் நடக்கிறது. அதற்கும் சம்மதிக்க வேண்டாம். நகல் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்ஜெட்ல இத்தனை கோடின்னு டிவியில சொல்றாங்க. எங்க ஊர் சென்டர்ல மாஸ்டருக்கே மூணு மாசமா சம்பளம் வரலியாம். பணம் எங்க நிக்குது?

அறிவிப்புக்கும் வகுப்பறைக்கும் நடுவில் நிறையப் படிகள் இருக்கின்றன. நிதியமைச்சர் பட்ஜெட்டைப் படிக்கிறார். பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை (செலவுக்குப் பணம் கேட்பது) சட்டமன்றத்துக்கு வந்து நிறைவேற வேண்டும். அன்றைக்கு அமைச்சர் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில்தான் எந்தத் திட்டத்துக்கு என்ன என்பது விவரமாக இருக்கும். அதற்கப்புறம் ஒவ்வொரு திட்டத்துக்கும் நிர்வாக ஒப்புதல் அரசாணை. அரசாணை வந்த பிறகு நிதி விடுவிப்பு, கருவூலத்தில் பில், பிறகு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் கணக்கு. அங்கிருந்துதான் பயிற்சி நிறுவனத்துக்குத் தவணை. ஜூனில் சேர்ந்த பையனுக்கு செப்டம்பர் வரை டூல் கிட் வரவில்லை என்றால், அது இந்தப் படிகளில் ஏதோ ஒன்றில் நிற்கிறது என்று அர்த்தம்.

மத்திய அரசின் பங்கு கலந்த திட்டமானால் இன்னொரு வாசலும் உண்டு. முன்பெல்லாம் சில திட்டங்களின் பணம் தில்லியிலிருந்து நேராகத் திட்டத்தை நடத்தும் அமைப்புக்குப் போகும். 2014-15 முதல் அது மாநிலத்தின் கருவூலம் வழியாக வருகிறது. 2021 ஜூலை முதல் ஒரு திட்டத்துக்கு மாநிலம் முழுவதும் ஒரே வங்கிக் கணக்கு என்று ஆக்கினார்கள். பணம் அங்கங்கே முடங்கிக் கிடப்பதைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் முன் தவணையின் செலவுக் கணக்கு வராவிட்டால் அடுத்த தவணை வராது. ஒரு மாவட்டத்தின் தாமதம் இன்னொரு மாவட்டத்தின் வகுப்பறையையும் பாதிக்கும்.

மாஸ்டருக்குச் சம்பளம் நிற்பது இதனால்தான் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. பல நிறுவனங்கள் தவணை வந்தால்தான் சம்பளம் தருவேன் என்று நடத்துகின்றன. முதலீடு செய்யத் தெம்பில்லாதவருக்குப் பயிற்சி மையத்தை ஒப்படைப்பது தவறு என்றே நினைக்கிறேன். பாதிப்பு கடைசியில் பிள்ளைகளுக்குத்தான்.

பயிற்சி முடிஞ்சு நான் வேலைக்கே போகல. ஆனா போனதா எழுதி ஒரு பேப்பர்ல கையெழுத்துக் கேக்குறாங்க. போட்டா என்ன?

போடக் கூடாது. ஏன் கேட்கிறார்கள் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன், ஏனென்றால் எல்லாக் கேள்வியிலும் முக்கியமான கேள்வி இதுதான்.

மத்திய அரசு 2015-ல் திறன் பயிற்சிகளுக்கு ஒரு பொது விதிமுறை வெளியிட்டது. ஒரு மாணவருக்கு ஒரு மணி நேரப் பயிற்சிக்கு இவ்வளவு என்று விலை வைத்தார்கள். தொழிலின் வகையைப் பொறுத்து அப்போது 38.50, 33, 27.50 ரூபாய். பிறகு உயர்த்தினார்கள். பயிற்சி நிறுவனத்துக்கு இந்தத் தொகை மூன்று தவணையாகப் போகும்: வகுப்பு தொடங்கும்போது 30 சதவீதம், தேர்வில் தேறிச் சான்றிதழ் பெற்றதும் 50, வேலையில் சேர்த்ததற்கு 20. முப்பது பேர், 300 மணி நேரம், 33 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 2,97,000 ரூபாய். அதில் கடைசி 20 சதவீதம் 59,400.

அந்த 59,400 முழுதாக வேண்டுமென்றால் தேறியவர்களில் 70 சதவீதம் பேராவது வேலையிலோ சுயதொழிலிலோ இருக்க வேண்டும். முப்பது பேரும் தேறியிருந்தால் 21 பேர். 50 முதல் 69 சதவீதம் என்றால் அதற்கேற்பக் குறைத்துக் கொடுப்பார்கள். 50-க்குக் கீழே போனால் அந்தத் தவணையே கிடையாது. இப்போது பாருங்கள், 19 பேர் வேலைக்குப் போயிருக்கும் ஒரு மையத்துக்கு உங்கள் கையெழுத்து எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று.

நீங்கள் கையெழுத்துப் போட்டால், அரசின் ஏட்டில் நீங்கள் வேலை கிடைத்தவர். அடுத்த பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே வரலாம். அதைவிடப் பெரிய விஷயம், அந்த மையம் வேலை வாங்கிக் கொடுக்கவில்லை என்ற உண்மை மேலே போய்ச் சேராமல் போகிறது. அடுத்த வருடமும் அதே மையத்துக்கே பிள்ளைகளை அனுப்புவார்கள். இந்தக் கடைசி 20 சதவீத விதி நல்ல விதி. வேலை வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு பயிற்சி கொடுப்பவருக்கு இருக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அதற்கு உயிர் இருப்பது உங்கள் கையெழுத்தில்.

அண்ணா, பொண்ணுக்கு ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனி வேலைன்னு சென்டர்ல சொல்றாங்க. அனுப்பலாமா?

அனுப்பலாம், விசாரித்துவிட்டு. முதலில் சம்பளச் சீட்டை யார் கொடுப்பார்கள் என்று கேளுங்கள். கம்பெனியா, இடையில் இருக்கும் காண்ட்ராக்டரா? பி.எப்., இ.எஸ்.ஐ. எண் முதல் மாதத்திலிருந்தே உண்டா? ஹாஸ்டல், சாப்பாட்டுக்குச் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள்? இரவு ஷிப்ட் முடிந்து ஹாஸ்டல் வரை பஸ் வருமா? பதினைந்தாயிரம் என்று சொல்லி அழைத்துப் போய், பிடித்தம் போகப் பத்தாயிரத்துக்கும் கீழே கையில் கொடுத்தால் பிள்ளை ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிடும். நம் பக்கத்தில் இது நிறைய நடக்கிறது.

முடிந்தால் அந்த மையத்தில் போன பேட்சில் படித்து, இப்போது அதே கம்பெனியில் இருக்கும் இரண்டு பிள்ளைகளிடம் போனில் பேசுங்கள். மையத்தார் எண் தரத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

மூணு மாச கோர்ஸ் நல்லதா, ஐடிஐ நல்லதா?

வயதும் வசதியும் இருந்தால் ஐடிஐ. என் பதிலில் மாற்றமே இல்லை. ஐடிஐயில் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் ரயில்வே, மின்வாரியம், பெல் (மத்திய அரசின் கனரக மின் இயந்திர நிறுவனம்), ராணுவத் தளவாடத் தொழிற்சாலை எல்லாவற்றிலும் செல்லும். எட்டாம் வகுப்புத் தேறியவர்களுக்கும் சில பிரிவுகள் உண்டு. ஆண்களுக்கு 40 வயது வரை, பெண்களுக்கு வயது வரம்பே கிடையாது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு ஆண்டு ஐடிஐ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மொழிப் பாடத் தேர்வு எழுதினால் பிளஸ் டூவுக்கு இணை.

குறுகிய காலப் பயிற்சி யாருக்கு? ஏற்கெனவே டிகிரி முடித்துக் கையில் தொழில் இல்லாதவருக்கு, குழந்தை பிறந்த பிறகு மறுபடி வேலைக்குப் போக நினைக்கும் பெண்ணுக்கு, உடனே வருமானம் வேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு. 2025 ஜூலையில் தொடங்கிய ‘வெற்றி நிச்சயம்’ அந்த வகையைச் சேர்ந்தது.

ஐடிஐ படிச்சா அரசு மாசாமாசம் பணம் கொடுக்குதாமே?

கொடுக்கிறது. அரசு ஐடிஐயில் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, புத்தகம், வரைபடக் கருவி, பஸ் பாஸ் உண்டு. அதோடு அரசுப் பள்ளியில் ஆறு முதல் படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000; பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1,000. புதுமைப்பெண் 2022 செப்டம்பர் 5-லும், தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-லும் தொடங்கின. இந்த ஆயிரம் சமூக நலத் துறை வழியாக வருவது, 750 பயிற்சித் துறையுடையது. ஒன்று வந்து இன்னொன்று வராவிட்டால் கேட்க வேண்டிய இடமும் வேறு.

வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று சேர்ந்த வாரமே பாருங்கள். வராத பணத்தில் பெரும் பகுதி அங்கேதான் சிக்குகிறது.

ஐடிஐயில டாடா போர்டு இருக்கே. அரசாங்கம் வித்துடுச்சா?

விற்கவில்லை. 2022-ல் தமிழ்நாடு அரசும் டாடா டெக்னாலஜிஸும் ஒப்பந்தம் போட்டு 71 அரசு ஐடிஐகளைத் ‘தொழில் 4.0’ மையங்களாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கின. மதிப்பு சுமார் 2,877 கோடி ரூபாய். செலவில் பெரும் பகுதி கம்பெனியின் தரப்பிலிருந்து இயந்திரங்கள், மென்பொருள், பயிற்சியாக வருகிறது. கட்டடமும் மாநிலத்தின் பங்குத் தொகையும் அரசுடையவை. ஐடிஐ அரசுடையதாகவே இருக்கிறது, கட்டணமும் மாறவில்லை. ரோபோ, சி.என்.சி. (கணினி இயக்கும் இயந்திரம்), மின்வாகனம் என்று புதிய பிரிவுகள் வந்திருக்கின்றன.

எனக்கு இதில் ஒரே ஒரு கவலை உண்டு. இயந்திரத்தை வாங்குவது ஒருமுறை செலவு. அதை ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர், உதிரி பாகம், மின்சாரம் இவை ஒவ்வொரு வருடமும் பட்ஜெட்டில் வர வேண்டியவை. கவர் போட்டு மூடி வைத்த மெஷினைக் காட்டி யாருக்கும் தொழில் சொல்லித்தர முடியாது. சேரும் முன் அந்தப் பிரிவில் நிரந்தரப் பயிற்றுநர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

ஏன் இந்தத் திறன் பயிற்சியை ஒரு இலாகாவுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்திக்கிட்டே இருக்காங்க? நமக்கு அதுல என்ன?

மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் திறன் மேம்பாட்டு இயக்கமாக இருந்ததை 2013-ல் லாப நோக்கமற்ற கம்பெனியாக, அதாவது மேலே சொன்ன கழகமாக, பதிவு செய்தார்கள். மத்தியில் 2014-ல் திறன் மேம்பாட்டுக்கென்றே தனி அமைச்சகம் வந்தது. இங்கே 2021-ல் தொழிலாளர் துறையின் பெயரில் திறன் மேம்பாடு சேர்ந்தது. 2022-ல் நான் முதல்வன் வந்தது. பிறகு கழகம் சிறப்புத் திட்டச் செயலாக்கத் துறையின் கீழ் போனது. ஐடிஐகள் மட்டும் தொழிலாளர் நலத் துறையிலேயே நிற்கின்றன.

ஏன் கம்பெனி? ஒரு துறைக்கு ஒதுக்கிய பணத்தில் மார்ச் 31-க்குள் செலவாகாதது கருவூலத்துக்குத் திரும்பிவிடும். கம்பெனியானால் மானியத்தைத் தன் கணக்கில் வைத்துச் செலவிடலாம், தனியாரோடு வேகமாக ஒப்பந்தம் போடலாம், மேலே சொன்ன சமூகப் பொறுப்பு நிதியையும் வாங்கலாம். இதனால் வேகம் கூடியது நிஜம். கல்லூரிகளில் பாடத்தோடு சேர்த்துப் பயிற்சி வந்தது இந்த ஏற்பாட்டால்தான். ஆனால் துறையின் செலவு சட்டமன்றத்தில் வரிவரியாக வரும். கம்பெனிக்குப் போகும் மானியம் ஒரே வரியில் முடிந்துவிடும். உள்ளே எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு போனது என்பது வெளியே தெரியத் தனியாகத்தான் கேட்க வேண்டும். வேகத்துக்காக அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. மாவட்டவாரிக் கணக்கை ஆண்டுதோறும் இணையத்தில் போட வேண்டும் என்பது என் கோரிக்கை.

நமக்கு என்ன என்றால், ஐடிஐ ஆசிரியருக்கு நான் முதல்வன் பற்றித் தெரியாது, நான் முதல்வன் மையத்தாருக்கு ஐடிஐ சேர்க்கை தெரியாது. ஒரே பிள்ளையை இரண்டு பக்கமும் அலையவிடுகிறார்கள். வேலைவாய்ப்பு மையமே இரண்டுக்கும் ஒரே ஜன்னலாக இருந்தால் எவ்வளவோ சுலபம்.

மத்திய அரசு விஸ்வகர்மா திட்டம்னு சொல்றாங்க, மாநிலத்துல கலைஞர் கைவினைத் திட்டம்னு சொல்றாங்க. எங்கப்பா தச்சு வேலை. எதுல சேர்றது?

அரசியல் சாசனத்தில் தொழிற்பயிற்சி பொதுப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு அரசுகளும் திட்டம் போடலாம். அதனால்தான் ஒரே தொழிலுக்கு இரண்டு திட்டம். விஸ்வகர்மா 2023 செப்டம்பர் 17-ல் வந்தது. குடும்பத் தொழில் என்ற அடிப்படையை வைத்ததைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. பரம்பரைத் தொழிலுக்கே பிள்ளைகளைக் கட்டிப்போடக் கூடாது என்ற வாதம் அது. எனக்கும் அதில் உடன்பாடுதான். மாநிலம் தன் திட்டத்தை 2025 ஏப்ரல் 19-ல் தொடங்கியது. யாரும் எந்தக் கைத்தொழிலையும் செய்யலாம், வயது 35-க்கு மேல் இருக்க வேண்டும், 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீத மானியம் அதிகபட்சம் 50,000 ரூபாய், வட்டியில் 5 சதவீதச் சலுகை.

உங்கள் அப்பாவுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் மாநிலத் திட்டத்துக்கு விண்ணப்பம் போடுங்கள்.

தம்பி, இருபது வருஷமா ஷூ கம்பெனியில அப்பர் (ஷூவோட மேல் பாகம்) தைக்கிறேன். ஒரு சர்டிபிகேட் கிடையாது. இந்த வயசுல எனக்கு எந்தப் பயிற்சி?

உங்களுக்குப் பயிற்சி வேண்டாம் அம்மா, அங்கீகாரம்தான் வேண்டும். முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு முறை இருக்கிறது. ஏற்கெனவே தெரிந்த தொழிலைச் செய்து காட்டினால் மதிப்பிட்டுச் சான்றிதழ் தருவார்கள். சில நாள் அறிமுக வகுப்பு மட்டும் இருக்கும். தோல் தொழிலுக்குத் தனித் திறன் குழுமம் சென்னையில் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு பக்கத்தில் டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் கைத்தொழில் கற்றவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது, இந்த முகாம்கள் இங்கேதான் அதிகம் நடக்க வேண்டும். பெரும்பாலும் கம்பெனி மூலமாகக் குழுவாகத்தான் நடத்துகிறார்கள். அதனால் உங்கள் லைனில் உள்ளவர்கள் சேர்ந்து கம்பெனி எச்.ஆரிடம் கேளுங்கள்.

சான்றிதழ் வந்தவுடன் கூலி ஏறிவிடாது. ஆனால் வேறு கம்பெனிக்குப் போகும்போது ‘ஹெல்பர்’ என்று ஆரம்பச் சம்பளத்தில் எடுக்க முடியாது. பனப்பாக்கம் சிப்காட்டில் (அரசின் தொழிற்பூங்கா) 2024-ல் அடிக்கல் நாட்டியவற்றில் தோல் அல்லாத காலணித் தொழிற்சாலையும் இருக்கிறது. அப்பர் தைக்கத் தெரிந்த கை அங்கேயும் வேண்டும்.

பனப்பாக்கத்துல டாடா கார் கம்பெனி வந்திருக்கு. நிலம் எங்க ஊர்ல, வேலை வெளியாளுக்கா?

2024 செப்டம்பர் 28-ல் அடிக்கல் நாட்டியபோது 9,000 கோடி முதலீடு, 5,000 பேருக்கு வேலை என்று சொன்னார்கள். அந்த வேலைகளில் எத்தனை நெமிலி, அரக்கோணம், சோளிங்கர் பிள்ளைகளுக்குப் போகும் என்பது நாம் இப்போது எதைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மெக்கட்ரானிக்ஸ், வெல்டிங், எலக்ட்ரீஷியன், சி.என்.சி. தெரிந்தவர் பக்கத்து ஊரிலேயே கிடைத்தால் எந்தக் கம்பெனிக்கும் அது லாபம்.

அப்ரண்டிஸ் வழியை மறக்காதீர்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள் பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். ராணிப்பேட்டை பெல் போன்ற இடங்களில் ஐடிஐ முடித்தவர்கள் இந்த வழியாகத்தான் உள்ளே நுழைந்து தொழில் கற்றார்கள். அறிவிப்பு வரும்போது தேசிய அப்ரண்டிஸ் இணையத்தில் உங்கள் பதிவு தயாராக இருக்க வேண்டும். அறிவிப்பு பார்த்த பிறகு பதிய உட்கார்ந்தால் ஆதார், சான்றிதழ் என்று நாள் போய்விடும்.

எங்க மாவட்டத்துக்கு எவ்வளவு பணம் வந்துச்சு, யாருக்குப் போச்சுன்னு நாம கேக்க முடியுமா? கேட்டா பிரச்சினை வராதா?

தாராளமாகக் கேட்கலாம். 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான். வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

கேள்வியைக் குறிப்பாக எழுதுங்கள். “ஏன் பயிற்சி சரியில்லை?” என்று எழுதினால் பதில் வராது, அது தகவல் அல்ல, கருத்து. “வேலூர் மாவட்டத்தில் இந்த நிதியாண்டில் இந்தத் திட்டத்தில் பயிற்சி அளித்த நிறுவனங்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் வழங்கிய தொகை தவணைவாரியாக, சேர்ந்தவர், தேறியவர், வேலை பெற்றவர் எண்ணிக்கை” என்று எழுதினால் அவர்கள் கணினியில் இருக்கும் அட்டவணையையே அனுப்பிவிடலாம். பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பும் முன் எந்தத் துறை என்பதை முதல் பதிலில் சொன்ன பிரிவுப்படி சரிபார்த்துக்கொள்ளுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் ஐந்து நாளில் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. பதில் வந்ததும் அதில் உள்ள வேலை பெற்றவர் எண்ணிக்கையை உங்கள் பேட்சில் உங்களுக்குத் தெரிந்தவர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு ஒத்துவராவிட்டால், அந்தத் தாளையே இணைத்துக் கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாம்.